தானியங்கி இன்ஸ்டாலில் 32 பிட் லைப்ரரி ஏற மறுக்கிறது. அவசர உதவி தேவை

பாளை லேப்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாலிடெக்னிக் ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் நெட்வொர்க் வழியாக, யாரும் பக்கத்தில் இருந்து பொத்தானை அழுத்தாமலே லினக்ஸ் ஏறும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். மைக்ரோகன்ட்ரோலர் பயிற்சிப் பலகைக்கான மென்பொருள் 32 பிட்டில்தான் கிடைக்கிறது. ஏற்றி முடித்த கணினியில் அதை இயக்கினால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வருகிறது. ஆனால் கோப்பு அதே இடத்தில் கண்ணெதிரே இருக்கிறது. அது ஓடத் தேவையான 32 பிட் லைப்ரரியைப் பேக்கேஜ் பட்டியலில் சேர்த்துப் பார்த்தேன். இப்போது இன்ஸ்டாலே பாதியில் சிவப்புத் திரையுடன் நின்றுவிடுகிறது. ஆனித் தேர் விடுமுறை முடிந்து மாணவர்கள் வருவதற்குள் ஆய்வகம் தயாராக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வள்ளியூர் வாசி:
எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, பதில்கள் எந்தக் கோப்பிலிருந்து போகின்றன, பேக்கேஜ்கள் எங்கிருந்து இறங்குகின்றன என்ற நான்கையும் நீங்கள் குறிப்பிடவில்லை. சிவப்புத் திரை வந்ததும் ஆல்ட்டையும் எஃப்4 விசையையும் சேர்த்து அழுத்தினால் லாக் ஓடும் திரை வரும். அதில் கடைசியாக இருக்கும் சில வரிகளை அப்படியே இங்கே எழுதுங்கள்.

அம்பைக்காரர்:
கோப்பு இருந்தும் இல்லை என்று வருவதற்குக் காரணம் இருக்கிறது தம்பி. 32 பிட் நிரல் தன்னை ஏற்றிவிடும்படி எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2 என்ற லோடரைக் கேட்கும். வெறும் 64 பிட் இன்ஸ்டாலில் அந்த லோடர் இருக்காது. கர்னல் இல்லை என்று சொல்வது அந்த லோடரைத்தான், உங்கள் நிரலை அல்ல. நிரலின் மேல் ஃபைல் கமாண்டை ஓட்டிப் பாருங்கள். எத்தனை பிட், எந்த லோடர் என்ற இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும். லிப்சி6 என்ற அடிப்படை லைப்ரரிப் பேக்கேஜின் ஐ386 வடிவம், அதாவது 32 பிட் வடிவம், ஏறினால் லோடரும் கூடவே வரும்.

தென்காசி சர்வர்:
என் அனுபவத்தில் இதற்கு வழி ஒன்றுதான். பேக்கேஜ் பட்டியலில் எதையும் சேர்க்காதீர்கள். இன்ஸ்டால் முடிந்து கணினி ரீபூட் ஆவதற்குச் சற்று முன் ஓடும் லேட் கமாண்டில், பேக்கேஜ்களை ஏற்றும் டிபிகேஜியிடம் ஐ386 கட்டமைப்பைச் சேர்க்கச் சொல்லி, பேக்கேஜ் விவரங்களைப் புதுப்பிக்க ஆப்ட் அப்டேட் ஓட்டி, பிறகு லைப்ரரியை ஏற்றுங்கள். மூன்றையும் இன்-டார்கெட் என்ற முன்னொட்டோடு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை புதிதாக ஏறிய சிஸ்டத்தில் அல்லாமல் இன்ஸ்டாலருக்குள்ளேயே ஓடும். நான் எல்லாவற்றையும் லேட் கமாண்டில்தான் செய்கிறேன், இதுவரை தவறியதே இல்லை.

கல்லிடை மூத்தவர்:
இந்தக் கேள்விக்கான விடை இன்ஸ்டால் கையேட்டின் மாதிரிப் பிரீசீட் கோப்பிலேயே, அதாவது இன்ஸ்டாலர் கேட்பவற்றுக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைக்கும் கோப்பிலேயே, இருக்கிறது. கேட்பதற்கு முன் அதை ஒருமுறை படிக்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. ஆப்ட்-செட்டப் பகுதியில் மல்ட்டிஆர்க் என்ற ஒரு வரி, இரண்டு கட்டமைப்பின் பேக்கேஜ்களையும் ஒரே சிஸ்டத்தில் ஏற்ற வழிசெய்வது, முன்னால் கருத்துக்குறி போட்டபடி, ஐ386 என்ற மதிப்புடன் நிற்கிறது. அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். பேக்கேஜ்கள் ஏறும் கட்டத்துக்கு முன்பே அது செயல்பட்டுவிடும் என்பதால் லேட் கமாண்டுக்குத் தேவையே இல்லை. 2013-இல் டெபியன் லினக்ஸின் 7-ஆம் பதிப்பு வந்தபோதே மல்ட்டிஆர்க் வந்துவிட்டது. அதற்கு முன் ஐஏ32-லிப்ஸ் என்ற ஒரே பெரிய மூட்டைக்குள் 32 பிட் லைப்ரரிகளை எல்லாம் திணித்து வைத்திருந்த காலத்தைப் பார்த்தவன் நான். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை விளக்க வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

தென்காசி சர்வர்:
ஐயா, அந்த வரியை நானும் அறிவேன். ஆனால் பேக்கேஜ் கட்டத்தில் ஒன்று தவறினால் இன்ஸ்டால் முழுவதும் நின்றுவிடும். லேட் கமாண்டில் தவறினாலோ சிஸ்டமாவது ஏறியிருக்கும். மிச்சத்தை வெளியிலிருந்து சரிசெய்துகொள்ளலாம்.

கல்லிடை மூத்தவர்:
அரைகுறையாக ஏறிய சிஸ்டம் ஏறாத சிஸ்டத்தைவிட ஆபத்தானது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் தானியங்கி ஏற்பாட்டுக்கு அழகு.

பாளை லேப்:
தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். டெபியன் 12, பிரீசீட் கோப்பு. ஆய்வகத்துக்கு வெளி இணைய இணைப்பு இல்லை. டெபியனின் பேக்கேஜ் சர்வரை ஆப்ட்-மிரர் கொண்டு எங்கள் சர்வரில் எடுத்த நகலிலிருந்துதான் எல்லாம் இறங்குகின்றன. லாக்கில் முதலில், லிப்சி6:ஐ386 என்ற பேக்கேஜைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று இருந்தது. மூத்தவர் ஐயா சொன்ன மல்ட்டிஆர்க் வரியைச் சேர்த்த பிறகு, பைனரி-ஐ386 பட்டியலுக்கு 404, அதாவது கோப்பு இல்லை, என்று வருகிறது.

அம்பைக்காரர்:
உள்ளூர் மிரர் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் இவ்வளவு சுற்றியிருக்க மாட்டோம் தம்பி. உங்கள் நகலில் ஏஎம்டி64, அதாவது 64 பிட் வடிவம், மட்டுமே இருக்கிறது. ரிலீஸ் கோப்பு மூல சர்வரில் உள்ளபடியே வந்திருப்பதால் ஐ386-உம் இருப்பதாக அது அறிவிக்கிறது; ஆப்ட் அதை நம்பிப் போய்க் கேட்கிறது, அங்கே கோப்பு இல்லை. மிரர் பட்டியலில் டெப்-ஏஎம்டி64 வரி ஒவ்வொன்றுக்கும் கீழே டெப்-ஐ386 வரி ஒன்றைச் சேர்த்து மறுபடியும் நகல் எடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் செக்யூரிட்டி வரிக்கும் அப்படியே சேர்க்க வேண்டும். பலர் முதன்மைக் கிளைக்கு மட்டும் சேர்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

ராதாபுரம் காற்றாலை:
செக்யூரிட்டி வரியைப் பற்றி அண்ணாச்சி சொன்னது மிக முக்கியம். அதை விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு கட்டமைப்பிலும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய லைப்ரரிகள் கடைசி எழுத்து வரை ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். காப்புரிமைக் குறிப்பு, மாற்றப் பட்டியல் போன்ற கோப்புகளை இரண்டும் பகிர்ந்துகொள்வதால், அவற்றில் வேறுபாடு இருக்கக் கூடாது. 64 பிட் லிப்சி6 என்பது 2.36-9 டெப்12யு4 ஆகவும், 32 பிட் அதே எண்ணில் யு3 ஆகவும் இருந்தால் ஆப்ட் ஏற்றாது. ஒன்று மற்றொன்றை முறிக்கிறது என்ற செய்தி வரும். ஏஎம்டி64 நகலைப் போன மாதமும் ஐ386 நகலை இன்றும் எடுத்தால் இதுதான் நடக்கும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோங்கள்.

கல்லிடை மூத்தவர்:
இவ்வளவு பாடுபட்டு 32 பிட்டைத் தூக்கிச் சுமப்பதே தவறு என்பது என் கருத்து. 2025-இல் வந்த டெபியன் 13-இல் ஐ386-க்கு இன்ஸ்டாலரும் இல்லை, கர்னலும் இல்லை. இனி 64 பிட் சிஸ்டத்துக்குள் பழைய நிரல்களை ஓட்ட மட்டுமே அது இருக்கிறது. மேலும் 32 பிட் நேரக் கணக்கு 2038-இல் முடிந்துவிடும். ஐ386-ஐ மட்டும் 64 பிட் நேரக் கணக்குக்கு மாற்றாமலே விட்டுவிட்டார்கள். இன்று மாணவர்களுக்கு அதைக் கற்பிப்பது அவர்களுக்கு நன்மை செய்வதாகாது.

ராதாபுரம் காற்றாலை:
ஐயா, மென்பொருளை மாற்றுவது எளிது, அது ஓட்டுகிற இயந்திரத்தை மாற்றுவது எளிதன்று. எங்கள் பக்கம் சுழலும் காற்றாலைகள் 20 ஆண்டு உழைக்கும் என்று கணக்கிட்டு நிறுத்தப்பட்டவை. அவற்றின் கன்ட்ரோலரோடு பேசும் நிரல் 32 பிட்டில்தான் எழுதப்பட்டது, அதன் மூலநிரல் எங்களிடம் இல்லை. ஆடிக் காற்று வீசும் நாளில், பதிப்பு பழையது என்று சொல்லி இறக்கையை நிறுத்தி வைக்க முடியாது. பயிற்சிப் பலகை வைத்திருக்கும் பாலிடெக்னிக்கின் நிலையும் இதுவே. சுமை என்றாலும் சரியாகச் சுமக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தென்காசி சர்வர்:
அப்படியானால் 32 பிட் சிஸ்டம் ஒன்றைத் தனியாக க்ரூட் என்ற தனி அடைப்புக்குள் அடைத்து, நிரலை அதற்குள் ஓட்டினால் மேல் சிஸ்டம் சுத்தமாக இருக்குமே. பதிப்புப் பொருத்தம் என்ற சிக்கலும் எழாது.

ராதாபுரம் காற்றாலை:
சரிதான், ஆனால் அதற்குள் யுஎஸ்பி சாதனத்தைக் கொண்டுவர வேண்டும், அனுமதிகளை அமைக்க வேண்டும், அதற்கும் தனியாக அப்டேட் போட வேண்டும். இரண்டு மூன்று லைப்ரரிகளுக்காக அவ்வளவு தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர் வாசி:
பேச்சு வேறு பக்கம் போகிறது. பாளைத் தம்பி, மிரரைச் சரிசெய்த பிறகு, எல்லாக் கணினிகளிலும் ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஏறியதும் நிரலின் மேல் எல்டிடி கமாண்டை ஓட்டினால், எந்த லைப்ரரிகளெல்லாம் கிடைக்கவில்லை என்று பெயரோடு காட்டும். லிப்சி6 மட்டும் போதாது; யுஎஸ்பி வழியே பலகையோடு பேசும் நிரலென்றால் அதற்குரிய லைப்ரரியின் ஐ386 வடிவமும் பெரும்பாலும் வேண்டியிருக்கும். அந்தப் பெயர்களைப் பார்த்துப் பட்டியலை ஒரேயடியாக முடித்துவிடுங்கள்.

பாளை லேப்:
முதல் கணினியில் ஓடுகிறது, பலகையில் விளக்கும் எரிகிறது. மற்றவற்றில் ஏறிக்கொண்டிருக்கிறது. அனைவருக்கும் மிக்க நன்றி.

தென்காசி சர்வர்:
மகிழ்ச்சி தம்பி. மல்ட்டிஆர்க் வரியிலேயே முடிந்ததா, லேட் கமாண்டையும் சேர்த்தீர்களா?

அம்பைக்காரர்:
செக்யூரிட்டி வரியையும் சேர்த்த அந்த மிரர் பட்டியலை இங்கே இட்டுவிடுங்கள் தம்பி. இணையம் இல்லாத ஆய்வகம் நம் பக்கத்தில் உங்களுடையது மட்டுமல்ல.