கிறிஸ்துமஸுக்கு இப்போதிருந்தே சாமான் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறீர்களா?

மாடிப்படி (செப்டம்பர் 20)

போன வருடம் டிசம்பர் 23 இரவு பத்தரை மணிக்கு எங்கள் வீட்டில் குப்பைப் பை தீர்ந்துபோனது. சிரிக்காதீர்கள். பதினோரு பேர் இருக்கும் வீட்டில் குப்பைப் பை இல்லையென்றால் என்ன ஆகும் என்று பட்டால்தான் தெரியும். மறுநாள் காலை பாத்திரம் கழுவும் லிக்விட்டும் முடிந்தது. பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கி மதியம் வரை ஓட்டினேன். பரிசு சுற்ற உட்கார்ந்தபோது செல்லோடேப்பின் நுனியே கிடைக்கவில்லை. நகத்தால் சுரண்டியதில் பட்டை பட்டையாகக் கிழிந்து வந்ததுதான் மிச்சம்.

நாங்கள் நான்கு பேர். பண்டிகைக்கு என் மாமியார், நாத்தனார் குடும்பம், தம்பி குடும்பம் என்று ஏழு பேர் வந்து ஐந்து நாள் தங்குவார்கள். வருவது சந்தோஷம்தான். ஆனால் துணி, பரிசு, பயணம், விருந்து என்று எல்லாச் செலவும் அந்த ஒரே மாதத்தில் வந்து விழும்போது, சோப்பும் நாரும் வாங்கும் பணம்கூட கனமாகத் தெரிகிறது.

அதனால் இந்த வருடம் வாரத்துக்கு ஒன்றிரண்டாக இப்போதே வாங்கிச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். எதை எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எது கெட்டுப்போகும்? என் வீட்டுக்காரர் "மூன்று மாதத்துக்கு முன்னாலேயேவா?" என்று ஒரு மாதிரி பார்க்கிறார். அவருக்குப் பதில் சொல்லவாவது உதவுங்கள்.

பழைய டைரி

மாடிப்படி, உங்கள் குப்பைப் பை கதையைப் படித்து நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அது கழிப்பறை டிஷ்யூவாக இருந்தது. அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

பட்டியல் போடுவதற்கு முன்னால் ஒரு மார்க்கர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். இன்றிலிருந்து எந்தப் புது பாட்டிலைத் திறந்தாலும், எந்த சோப்பைப் பிரித்தாலும், அதன் மேலேயே தேதி எழுதுங்கள். சோப்பு உறையைத் தூக்கிப் போடாமல் ஆணியில் குத்தி வைக்கலாம். நான் பல வருடமாக இதைச் செய்கிறேன். பாத்திரம் கழுவும் லிக்விட் எங்கள் வீட்டில் 19 நாள் வரும், துணி சோப்புத்தூள் பாக்கெட் 26 நாள். இந்தக் கணக்கு தெரியாமல் வாங்குகிறவர்கள் ஒன்று குவிப்பார்கள், இல்லையென்றால் 23ஆம் தேதி இரவு ஓடுவார்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். 11 பேர் 5 நாள் என்றால் 55 ஆள்-நாள். நீங்கள் நான்கு பேர் இரண்டு வாரம் இருந்தால் 56. அதாவது அந்த ஐந்து நாளில் வீடு இரண்டு வாரச் சாமானைத் தின்னும். அவ்வளவுதான்! மலைபோல ஒன்றும் தேவையில்லை, ஒவ்வொன்றிலும் இரண்டு வாரத்துக்கு ஆகிற அளவு கையில் அதிகம் இருந்தால் போதும். குப்பைப் பையும் டிஷ்யூவும் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது, இரட்டிப்பாக வாங்குங்கள். பரிசு பிரிக்கிற அன்று வரும் காகிதக் குப்பை தனி ரகம்.

செப்டம்பர் 20 முதல் டிசம்பர் 20 வரை சரியாக 13 வாரம். வாரம் இரண்டு பொருள் என்றாலும் 26 பொருள் சேர்ந்துவிடும்.

முதலில் கெடவே கெடாதவை: குப்பைப் பை, அலுமினியத் தாள், டிஷ்யூ, பாத்திரம் தேய்க்கும் நார், தீப்பெட்டி. குளியல் சோப்பையும் இப்போதே வாங்கி, உறையைப் பிரித்துக் காற்றாட வையுங்கள். ஈரம் வற்றி இறுகிய சோப்பு சீக்கிரம் கரையாது. மெழுகுவர்த்தி வாங்கினால் வெயில் படாத இடத்தில் படுக்க வையுங்கள், நிற்க வைத்தவை சூட்டில் வளைந்துவிடும். பேட்டரியும் சில வருடம் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்வார்கள், தேவையே இல்லை, உலர்ந்த இடம் போதும். ஆனால் போன வருட சீரியல் விளக்கு, பொம்மை எதற்குள்ளாவது பழைய பேட்டரி கிடந்தால் இன்றே கழற்றுங்கள், கசிந்து உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிடும்.

ப்ளீச்சிங் திரவத்தை மட்டும் டிசம்பருக்கு விட்டுவிடுங்கள். அது நிற்க நிற்க வீரியம் குறையும், சூடும் வெயிலும் பட்டால் இன்னும் வேகமாக. வாங்கிய பிறகு கழிப்பறை ஆசிட்டின் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், வீடு நிறைய விருந்தாளி இருக்கும்போது யாராவது உதவி செய்கிறேன் என்று இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிடப்போகிறார்கள்.

அப்புறம் சோப்பு, சோப்புத்தூள் எதையும் மாவு, தேயிலை இருக்கும் அலமாரியில் சேர்க்காதீர்கள். வாசனை ஏறிவிடும். ஒருமுறை எங்கள் வீட்டுத் தேநீரில் மல்லிகைப்பூ சோப்பு மணத்தது. விருந்தாளிகள் மரியாதைக்காகக் குடித்தார்கள்.

ஒற்றைச் சாவி

நான் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

மூன்று வருடம் முன்னால் நானும் ஆகஸ்டிலேயே ஆரம்பித்தேன். அலமாரியில் ஆறு பாட்டில் வரிசையாக நின்றால் கை தானாகத் தாராளமாகிவிடுகிறது. ஒரு சொட்டு போதும் என்ற இடத்தில் பீய்ச்சி அடிக்கிறோம். நவம்பரில் எண்ணினால் ஆறில் இரண்டுதான் மீதி. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று நான் தூக்கி வந்த வாசனைத் திரவியம் இன்னும் திறக்காமல் இருக்கிறது, அதன் வாசனை வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

கேக்குக்கு என்று ஆகஸ்டிலேயே வாங்கிய வால்நட் டிசம்பரில் சிக்கு வாடை அடித்தது. மாவில் வண்டு. எனவே தின்கிற சாமானை முன்கூட்டி வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

மாடிப்படி

ஒற்றைச் சாவி அண்ணா, கோபமெல்லாம் இல்லை. என் வீட்டுக்காரர் உங்கள் பதிலைப் படித்துவிட்டு "பார்த்தாயா" என்றார், அது மட்டும்தான் வருத்தம்.

பழைய டைரி அக்கா, 55 கணக்கைக் காட்டியதும் அவர் கொஞ்சம் அடங்கினார். கேக் சாமானுக்கு என்ன செய்வது? அதையும் டிசம்பரில் வாங்கினால் என் திட்டத்தில் பாதி போய்விடுமே.

பழைய டைரி

பாதியெல்லாம் போகாது. சர்க்கரை ஈரம் படாமல் இருந்தால் கெடாது, அதை இப்போதே வாங்கலாம். மைதாவும் சில மாதம் தாங்கும். முழுக்கோதுமை மாவுதான் சீக்கிரம் கெடும், தானியத்தின் எண்ணெய்ப் பகுதி அதில் அப்படியே இருக்கிறதல்லவா. வண்டுக்குப் பயந்தால் பாக்கெட்டோடு நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள், முட்டை இருந்தால் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள். குளிர் விட்ட பிறகு பிரித்து டப்பாவில் கொட்டுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்து மாவு கட்டி தட்டும். வால்நட், பாதாமை ஃப்ரீசரிலேயே விட்டுவிடலாம். ஒற்றைச் சாவி செய்த தப்பு சீக்கிரம் வாங்கியது இல்லை, சமையலறைச் சூட்டில் வைத்ததுதான் என்று நினைக்கிறேன். வெண்ணெயும் ஃப்ரீசரில் தாங்கும். முட்டையைக் கடைசி வாரத்தில் வாங்குங்கள்.

பேக்கிங் பவுடரில் தேதி இருந்தாலும் நம்பாதீர்கள். அரை டீஸ்பூனைச் சுடுதண்ணீரில் போட்டால் பொங்கி நுரைக்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் புதியது வாங்குங்கள். சோடா உப்பை எலுமிச்சைச் சாறில் போட்டுப் பாருங்கள், கேக்கை அடுப்பில் வைத்துவிட்டுப் பார்க்காதீர்கள்!

கை தாராளமாகும் என்று சொன்னது முழுக்க உண்மை. அதற்கு ஒரே வழி, சேர்ப்பது கண்ணில் படக்கூடாது. நான் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே "பழைய பாடப்புத்தகங்கள்" என்று எழுதியிருக்கிறேன். இதுவரை என் பிள்ளைகளில் ஒருவர்கூடத் திறந்து பார்த்ததில்லை. மூடியின் உள்பக்கம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் ஒட்டியிருக்கும், வாங்க வாங்க எழுதிக்கொண்டே வருவேன். பண்டிகைக்கு முந்திய நான்காவது ஞாயிறு, திருவருகைக் காலம் தொடங்குகிற அன்று, பெட்டியைத் திறந்து ஒருமுறை எண்ணுவேன். அதற்குப் பிறகு பேப்பரோ பையோ வாங்குவதில்லை. முட்டை, பழம், ப்ளீச் மட்டும்.

மாடிப்படி (செப்டம்பர் 27)

முதல் வாரம்: குப்பைப் பை மூன்று சுருள், செல்லோடேப் இரண்டு. டேப்பின் நுனியை மடித்து ஒட்டி வைத்திருக்கிறேன். பெட்டிக்கு "வருமான வரி ரசீதுகள் 2009" என்று பெயர் வைத்தேன். பாடப்புத்தகம் என்றால் என் சின்ன மகள் திறந்துவிடுவாள், அவள் அப்படி ஒரு பிறவி.