கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீடு எது?

வணக்கம். அம்மாவின் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள மூவாரில் அவர் கணவர் சின்ன அச்சகம் வைத்து வாரப் பத்திரிகை நடத்தினார். எங்களிடம் உள்ள எல்லா இதழிலும் கணவர் பெயர் இருக்கிறது. ஈய எழுத்துக் கோத்து, தாள் மடித்து, சந்தாக் கணக்கெழுதிய பாட்டியின் பெயர் ஒன்றில்கூட இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

பாட்டியின் கல்யாணப் பத்திரிகையில் பெண்வீட்டார் பெயருள்ள பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைப் புரட்டுகிறேன். அது 1935இல்தான் தொடங்கியது. கல்யாணம் அதற்கு முந்தியது. நாகையில் யாரைக் கேட்கலாம்? மூவார் அச்சகம் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொன்னதுண்டா? சின்னத் தகவலானாலும் எழுதுங்கள். அம்மாவுக்கு 81 வயது, தினமும் கேட்கிறார்.