சாட்டின் துணி: தைத்தவர்களும் உடுத்தியவர்களும்

கோடம்பாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் சாட்டின் வரத் தொடங்கிவிடும். பிளவுஸ், லெஹங்கா, குழந்தைகள் கவுன் எல்லாவற்றுக்கும் அதுதான். "பட்டு மாதிரியே மின்னுது, விலையும் கம்மி" என்று சந்தோஷமாக நீட்டுவார்கள். அந்த மினுக்கு பெரும்பாலும் நெசவில் இருக்கிறது. சாதாரணத் துணியில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) ஒவ்வொரு ஊடைக்கும் (குறுக்கே ஓடும் நூல்) மேலும் கீழுமாகப் போகும். சாட்டினில் நாலு ஊடையைத் தாண்டி ஐந்தாவதற்கு அடியில் போகும். சிலவற்றில் ஏழைத் தாண்டும். அப்படி நீளமாக மேலே கிடக்கிற நூலில்தான் வெளிச்சம் வழுக்குகிறது. வளையல் உரசினால் இழை கிளம்புவதும் அதனால்தான். பட்டு நூலிலும் சாட்டின் நெய்யலாம். நம் கைக்கு மலிவாக வருவது பாலியஸ்டர்.

போன வருஷம் ஒரு பெண், மே மாதக் கல்யாணத்துக்கு மேல்துணி, லைனிங் இரண்டுமே சாட்டின்தான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தைத்து வாங்கிப் போனார். தாலி கட்டுவதற்குள் முதுகெல்லாம் ஒட்டிக்கொண்டதாம், பாவம். பாலியஸ்டர் தன் எடையில் அரை சதவீத ஈரத்தைக்கூட உறிஞ்சாது. பருத்தி 8 சதவீதம் வரை உறிஞ்சும். சென்னை வேர்வைக்கு உள்ளே காட்டன் லைனிங்தான் சரி, அதையும் நனைத்துக் காயவைத்த பிறகு வெட்ட வேண்டும். ஊசி 11ஆம் நம்பர் போடுங்கள். குண்டூசியைத் தையலுக்கு விடுகிற ஓரத்தில் மட்டும் குத்துங்கள், வேறு இடத்தில் குத்தினால் ஓட்டை மறையாது.

— வில்லிவாக்கத்திலிருந்து நான். தையல் கடை அக்கா சொன்னது வீட்டுத் துணிக்கும் பொருந்தும். சோபா குஷன் உறை சாட்டினில் போட்டோம். பார்க்க ஜோர், ஆனால் உட்கார்ந்தால் வழுக்கிக் கீழே வந்துவிடுகிறது. திரைச்சீலைக்குக் குறை சொல்ல மாட்டேன், மடிப்பு அழகாக விழுகிறது. அயர்ன் பண்ணுபவரிடம் "உள்பக்கம், சூடு குறைவாக" என்று ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும்.

— பட்டு என்று சொல்லி விற்றால், ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய நாற்றம், விரலில் பொடியாகிற சாம்பல் என்றால் பட்டு. உருகிக் கெட்டியாக உருண்டால் பாலியஸ்டர். கோடவுன் தெருவில் மாமாவோடு துணி எடுக்கப் போய்க் கற்றது.

— மண்டப அலங்காரம் செய்கிறவன் நான். நாற்காலி முடிச்சு, மேடைத் திரை, நுழைவாயில் எல்லாம் சாட்டின்தான். கசங்கினாலும் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது, துவைத்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போகலாம். நீங்கள் எல்லாரும் திட்டுகிற அளவுக்கு மோசமில்லை! குத்துவிளக்குப் பக்கம் மட்டும் கட்ட மாட்டேன், யார் கேட்டாலும். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், தோலில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்துக்கு வாழையும் மாவிலையும் போதும்.