வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புவதா, அங்கேயே இருப்பதா: எதை வைத்து முடிவெடுப்பது?

இளவேனில் (கேள்வி)

வணக்கம். வெளிநாட்டில் பிஆர் (நிரந்தர வதிவிட அனுமதி) வாங்கிக் குடும்பத்தோடு இருக்கிறோம். குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 7. ஊரில் பெற்றோருக்கு வயதாகிறது. திரும்பிவிடலாமா என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் படிப்பு, சம்பளம், அம்மா அப்பா என்று சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. எதை முதலில் பார்க்க வேண்டும், எதைத் தள்ளிப்போட்டால் பிறகு சரிசெய்ய முடியாது, ஆட்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாட்டின் பெயரைச் சொல்லவில்லை; பல நாட்டில் இருப்பவர்களும் படிக்கிறார்கள், எல்லோருக்கும் பயன்படட்டும்.

கலங்கரை

போனபிறகு மனம் மாறினால் திரும்பி வர எத்தனை நாள் அவகாசம் உண்டு? முதலில் இதற்கு விடை எடுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் இதைப் பொறுத்துத்தான் அமையும். பிஆர் என்றால் நிரந்தரம் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். நாட்டை விட்டு வெளியே இருந்தால் அது கரையும்.

கனடாவில் எந்த 5 ஆண்டை எடுத்தாலும் அதற்குள் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் காலவரையற்ற வதிவிட அனுமதி பொதுவாகப் போய்விடும். ஜெர்மனியின் சாதாரண நிரந்தர அனுமதிக்கு 6 மாதம்தான், முன்கூட்டியே கேட்டு நீட்டிப்பு வாங்கினால் தவிர. ஆஸ்திரேலியாவில் பிஆர் காலாவதியாகாது, ஆனால் அதோடு வரும் பயண அனுமதி 5 ஆண்டுக்குத்தான். அது முடிந்தபின் வெளியே இருந்து திரும்பி நுழைய ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா வேண்டும். கடைசி 5 ஆண்டில் 2 ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தால் அது எளிதாகக் கிடைக்கும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது அமெரிக்காவின் பிஆரான கிரீன் கார்டில். ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் வெறும் கார்டைக் காட்டி நுழைய முடியாது. அதற்கு முன்பே ஐ-131 படிவத்தில் ரீ-என்ட்ரி பெர்மிட் (மீண்டும் நுழையும் அனுமதி) வாங்க வேண்டும், அதிகபட்சம் 2 ஆண்டுக்குக் கிடைக்கும். விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும் என்பதைக் கிளம்பிய பிறகு தெரிந்துகொண்டு பயன் இல்லை. 6 மாதத்துக்கு ஒருமுறை வந்து முத்திரை குத்திக்கொண்டு போனால் கார்டு நிற்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். வேலை, வீடு, வரி எல்லாம் வேறு நாட்டில் இருப்பது தெரிந்தால், குடியிருப்பைக் கைவிட்டதாகக் குடிவரவு அதிகாரி கருதலாம்.

ஆகவே குடியுரிமைக்கான தகுதி ஓரிரு ஆண்டில் வந்துவிடும் என்றால், அதை வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. அதற்கு முன் தாய்நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறதா என்று பாருங்கள். இந்தியாவும் சிங்கப்பூரும் ஏற்பதில்லை, இலங்கையில் விண்ணப்பித்துப் பெறலாம். ஏற்காத நாடு என்றால் வாக்குரிமை, அரசு வேலை, சில இடங்களில் நிலம் வாங்கும் உரிமை, பிள்ளைகளின் கல்லூரி இட ஒதுக்கீடு என்று எதெல்லாம் கைவிட்டுப் போகும் என எழுதிப் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள்.

கணக்கன்

பணத்தைப் பற்றி. இங்கே வாங்கும் சம்பளத்தை நாணய மாற்று விகிதத்தில் பெருக்கி அங்கே கிடைப்பதோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு ஊருக்கும் தனித்தனியாக மாதச் செலவைப் போட்டு, கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, வாகனம் மூன்றும் ஊர்க் கணக்கில் பெரும்பாலும் குறைத்தே போடப்படும் செலவுகள். முதல் ஆண்டுக்குத் தனிப் பட்டியல் வேண்டும்: பயணம், சாமான் அனுப்புவது, முன்பணம், சம்பளம் வராத மாதங்கள். வீடு, ஓய்வூதியச் சேமிப்பு இரண்டையும் சேர்க்காமல் 12 மாதச் செலவு உடனே எடுக்கக்கூடிய பணமாகக் கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சம்பளத்தைவிடப் பெரிய தொகை போவது கிளம்பும் தேதியைச் சரியாகப் பார்க்காததால்தான். வரி ஆண்டு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேதியில் தொடங்கும்: அமெரிக்கா, கனடாவில் ஜனவரி 1, இந்தியாவில் ஏப்ரல் 1, பிரிட்டனில் ஏப்ரல் 6, ஆஸ்திரேலியாவில் ஜூலை 1. நடுவில் மாறினால் இரண்டு நாடும் ஒரே காலத்துக்கு உங்களைத் தன் குடியிருப்பாளர் என்று சொல்ல இடமுண்டு. ஆண்டில் 183 நாள் தங்குவது என்பது பல நாட்டில் உள்ள அளவுகோல்தான், ஆனால் அது மட்டுமே அளவுகோல் அல்ல. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால், நீங்கள் எந்த நாட்டுக் குடியிருப்பாளர் என்பதைப் பெரும்பாலும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தில் உள்ள வரிசையில் பார்ப்பார்கள்: நிலையான வீடு எங்கே, குடும்பமும் பொருளாதார உறவுகளும் எங்கே, வழக்கமாக எங்கே வசிக்கிறார், கடைசியாக எந்த நாட்டுக் குடிமகன். பழைய நாட்டில் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு வந்தால் முதல் கேள்விக்கே இரண்டு நாடும் பதிலாகிவிடும்.

கனடாவை விட்டு வரி நோக்கில் வெளியேறும் நாளில், கையில் உள்ள பங்கு போன்றவற்றை அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகக் கருதி ஆதாயத்துக்கு வரி போடுவார்கள். கனடாவில் உள்ள நிலம், வீடு, பதிவுபெற்ற ஓய்வூதியக் கணக்குகளுக்கு இது கிடையாது. அமெரிக்கக் குடிமகனும் கிரீன் கார்டுக்காரரும் எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்காவில் வரிக் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அவற்றைத் தெரிவிக்கும் எஃப்பிஏஆர் அறிக்கையும் உண்டு. ஊரில் மியூச்சுவல் ஃபண்டு போட்டால் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கான அமெரிக்காவின் பிஎஃப்ஐசி விதியில் கடுமையான வரி வரும். கார்டு காலாவதியானால் வரிக் கடமையும் தீர்ந்தது என்று நினைப்பது தப்பு. பொதுவாக ஐ-407 படிவம் கொடுத்து கார்டை முறையாக ஒப்படைத்தால்தான் தீரும். கடைசி 15 வரி ஆண்டில் 8 ஆண்டு கார்டு இருந்திருந்தால் ஒப்படைப்பதற்கு முன்பே வெளியேற்ற வரி விதியைப் பார்க்க வேண்டும்.

ஓய்வூதியத்தில் ஆண்டு எண்ணிக்கை முக்கியம். பிரிட்டன் அரசு ஓய்வூதியத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 10 தகுதி ஆண்டு, சோஷியல் செக்யூரிட்டி என்ற அமெரிக்க அரசு ஓய்வூதியத்துக்கு வேலை வருமானத்தை வைத்துத் தரும் 40 கிரெடிட். ஆண்டுக்கு அதிகபட்சம் 4 கிரெடிட் என்பதால் அதுவும் ஏறத்தாழ 10 ஆண்டுதான். 38 கிரெடிட்டில் நிற்கிறவர் அரை ஆண்டு பொறுப்பது பெரிய லாபம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எல்லோரையும் முடக்குவது: ஓடிபி. வங்கி, பங்குக் கணக்கு, வரித் தளம் எல்லாம் பழைய நாட்டுக் கைபேசி எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். எண்ணை ரத்து செய்த மறுநாள் சொந்தப் பணத்தையே தொட முடியாது. கிளம்புவதற்கு 2 மாதம் முன்பே எண்ணை மலிவான ப்ரீபெய்டு திட்டத்துக்கு மாற்றி, ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று சோதியுங்கள். செயலி வழி சரிபார்ப்புக்கு மாற்ற முடிந்ததை எல்லாம் மாற்றிவிடுங்கள். வெளிநாட்டு முகவரி கொடுத்தால் கணக்கை முடக்கும் பங்குத் தரகு நிறுவனங்கள் உண்டு, முன்பே எழுத்தில் கேளுங்கள்.

வகுப்பறை

கலங்கரை சொன்ன "ஓரிரு ஆண்டு பொறுத்து" என்பதோடு இந்த வீட்டு நிலையில் எனக்கு உடன்பாடில்லை. மகளுக்கு இப்போது 13. இரண்டு ஆண்டு பொறுத்தால் 15. பள்ளி மாற்றத்துக்கு அதைவிட மோசமான வயது இல்லை. மேல்வகுப்புகளில் உள்ள ஐஜிசிஎஸ்இ, ஏ-லெவல், ஐபி டிப்ளமா போன்ற பாடத்திட்டங்கள் எல்லாம் பெரும்பாலும் 2 ஆண்டுப் படிப்புகள். நடுவில் மாறினால் பாடத்தொகுப்பே பொருந்தாது. உங்களுக்கு உள்ள வழி இரண்டுதான்: அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்துக்குள் போவது, இல்லையென்றால் அவள் பள்ளி முடிக்கும்வரை இருப்பது. இடையில் போவது என்பதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

மொழியைப் பற்றிப் பெற்றோர் போடும் கணக்கு பெரும்பாலும் தவறும். வீட்டில் சரளமாகப் பேசுகிறாள், சமாளித்துவிடுவாள் என்பார்கள். பேச்சு மொழி வேறு, பாட மொழி வேறு. ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் இரண்டையும் பிரித்துக் காட்டினார்: புது மொழியில் அன்றாடப் பேச்சு 2 ஆண்டில் வந்துவிடும், வகுப்பில் சக மாணவருக்கு இணையாகப் படித்து எழுத 5 முதல் 7 ஆண்டு பிடிக்கலாம். 7 வயதுப் பையனுக்கு அந்த அவகாசம் இருக்கிறது, 13 வயதுப் பெண்ணுக்கு இல்லை. ஆகவே மகளுக்கு, இப்போது படிக்கும் மொழியிலேயே தேர்வு எழுதும் பள்ளியாகத் தேடுங்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. சேர்க்க நினைக்கும் பள்ளியின் பாடத்திட்டத்தில், அவள் வகுப்புக்கு ஒரு வகுப்புக் கீழே உள்ள அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுங்கள். படித்துவிட்டு, பார்க்காமல் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். கணக்கிலும் அப்படியே ஒரு பாடம். எங்கே தடுமாறுகிறாள் என்று தெரிந்தால் கிளம்புமுன் 6 மாதத்தில் அதை மட்டும் சொல்லிக்கொடுக்கலாம். அவளிடம் கேட்காமல் முடிவெடுக்கவும் வேண்டாம். 13 வயதில் நட்புகளை விட்டுப் போகச் சொல்கிறோம். காரணத்தையும் தேதியையும் முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு.

மாற்றுச் சான்றிதழ், கடைசி 3 ஆண்டு மதிப்பெண் அறிக்கை, தடுப்பூசிப் பதிவேடு, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை இங்கேயே எடுங்கள். இரண்டு நாடும் 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால், ஆவணத்துக்கு வெளிநாட்டில் செல்லும்படி சான்று தரும் அப்போஸ்டில் முத்திரை போதும், இல்லையென்றால் தூதரகச் சான்று. எந்த நாடு ஆவணத்தைக் கொடுத்ததோ அந்த நாடுதான் அப்போஸ்டில் போடும். ஊருக்குப் போனபின் தபாலில் அலைய நேரும்.

பிறகு கல்லூரிக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒன்று பாருங்கள்: இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர் கட்டணத்துக்குப் படிப்பு தொடங்குமுன் 3 ஆண்டு அங்கே வழக்கமாக வசித்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. பாஸ்போர்ட் மட்டும் போதாது.

இளவேனில்

எல்லோருக்கும் நன்றி. வயதுக் கணக்கை இப்படிப் பார்க்கவே இல்லை. ஒருவர் இங்கே இருந்து குடியுரிமையை முடிக்க, மற்றவர் பிள்ளைகளோடு முன்னால் போவது சரிவருமா?

கலங்கரை

வகுப்பறை சொன்ன 15 வயதுக் கணக்கு சரிதான், பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும். பிரிந்து போவது சட்டப்படி முடியும். உதாரணமாகக் கனடாவில், துணைவர் கனடியக் குடிமகனாக இருந்து அவரோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்தால், அந்த நாட்களும் மற்றவரின் 730 நாளில் சேரும். அங்கே ஒருவர் குடியுரிமை வாங்கினால் மற்றவர் பிஆரையும் காப்பாற்றலாம். ஆனால் முன்னால் போகும் பிள்ளைகளின் பிஆர் தனிக் கணக்கு. அவர்களுக்கும் நாள் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே தங்குபவருக்கு வரியிலும் ஒரு சிக்கல் வரும், குடும்பம் எங்கே என்ற கேள்விக்கு "ஊரில்" என்று பதில் ஆகிவிடும். ஓராண்டு என்று முடிவுத் தேதி வைத்துப் பிரியுங்கள். தேதி இல்லாத பிரிவு நீண்டுகொண்டே போகும்.

திண்ணை

பெற்றோருக்காக என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியது துணையா, அவசரத்துக்கு ஆளா, குளிப்பாட்டி மருந்து கொடுக்கும் அன்றாடப் பராமரிப்பா? துணை என்றால் அதே ஊரில் இருந்தால்தான் பயன். வேலைக்காக வேறு நகரத்தில் குடியேறினால் தூரம் குறைகிறதே தவிர தனிமை குறையாது. பராமரிப்பு என்றால் அந்த வேலை யார் கையில் விழும் என்று இப்போதே வெளிப்படையாகப் பேசுங்கள். பெரும்பாலும் மருமகள் கையில் விழும், அவர் வேலையை விடுவார், சம்பளக் கணக்கே மாறிவிடும். பெற்றோரையும் கேளுங்கள், எல்லோரும் பிள்ளைகள் வந்துவிட வேண்டும் என்று நினைப்பதில்லை.

மருத்துவக் காப்பீட்டை ஊரில் இறங்கியபின் எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அன்றுதான் ஓடத் தொடங்கும். இங்கிருந்தே எடுக்க முடிந்தால் எடுங்கள். மருந்துகளின் வணிகப் பெயரை அல்ல, மூலப்பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். ஸ்கேன் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில் படங்களே வேண்டும். உடலில் ஸ்டென்ட், பேஸ்மேக்கர், மாற்று மூட்டு எதுவும் இருந்தால் அதன் மாடல் எண் உள்ள அட்டை அவசியம். எம்ஆர்ஐ எடுக்குமுன் அதைத்தான் கேட்பார்கள்.

முடிவுக்கு முன் ஒருமுறை போய் இருந்து பாருங்கள், விருந்தாளியாக அல்ல. விழாக் காலம் வேண்டாம், வானிலை மோசமான மாதமாக இருக்கட்டும். உறவினர் வீட்டில் தங்காமல் வாடகைக்கு எடுத்து, வேலை நேரத்தில் அலுவலகப் பாதையில் போய்ப் பாருங்கள், பள்ளியைப் பாருங்கள், கட்டணங்களை நீங்களே கட்டுங்கள். அந்தச் சமயத்தில் பழைய நிறுவனத்துக்கு அங்கிருந்தே வேலை செய்வதென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்; நிறுவனத்துக்கு அந்த நாட்டில் வரிப் பொறுப்பு உண்டாகிவிடலாம் என்பதால்தான் மனிதவளத் துறை மறுக்கிறது.

இன்னொன்று. கல்லஹார்ன் தம்பதி என்ற ஆய்வாளர்கள் 1963-இலேயே எழுதியது: வெளிநாடு போனவருக்கு ஏற்படும் மனச்சரிவு, திரும்பி வந்தபின் இரண்டாம் முறையும் வரும். சொந்த ஊர்தானே என்ற நினைப்பில் யாரும் அதற்குத் தயாராக இருப்பதில்லை. முதல் ஆண்டு முடியும்வரை வீடு வாங்குவது, தொழில் தொடங்குவது இரண்டையும் தள்ளிவையுங்கள்.

கணக்கன்

விட்டுப்போன ஒன்று, வீட்டை விற்பது. அமெரிக்காவில் விற்பதற்கு முந்தைய 5 ஆண்டில் 2 ஆண்டு சொந்த வீடாக வைத்து அதில் வாழ்ந்திருந்தால் ஆதாயத்தில் 2,50,000 டாலர், தம்பதிக்கு 5,00,000 டாலர் வரை விலக்கு உண்டு. அதாவது குடியிருந்துவிட்டுக் கிளம்பினால் 3 ஆண்டுக்குள் விற்க வேண்டும். வெளிநாட்டவராகிவிட்ட பிறகு விற்றால், பொதுவாக விலையில் 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வைப்பார். கணக்குத் தாக்கல் செய்துதான் மிச்சத்தைத் திரும்பப் பெற வேண்டும். ஆஸ்திரேலியாவில் இன்னும் கடுமை: வரி நோக்கில் வெளிநாட்டவர் ஆனபின் விற்றால் சொந்த வீட்டு விலக்கு பெரும்பாலும் முழுவதும் போய்விடும். அங்கே கணக்கில் வருவது ஒப்பந்தம் கையெழுத்தாகும் தேதி, பணம் கைக்கு வரும் தேதி அல்ல. கிளம்பும் தேதிக்கும் ஒப்பந்தத் தேதிக்கும் இடையில் சில வாரம் இடைவெளி வையுங்கள். விற்பனை முடியாமல் கிளம்ப வேண்டி வந்தால், அந்த ஒரு சொத்துக்கு மட்டுமான அதிகாரப் பத்திரத்தை நோட்டரி முன் எழுதிக் கொடுத்துவிட்டு, விற்பனையை முடித்துக் கொடுக்கும் வழக்கறிஞர் அந்த வாசகத்தை ஏற்கிறாரா என்று விமானம் ஏறுமுன் கேட்டுவிடுங்கள்.