புதுப்பிப்பு: வள்ளம் இழுக்க எந்த எஞ்சின்? ஆர்பிஎம்மையும் பாருங்கள்

தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஃபைபர் வள்ளத்தை ட்ரெய்லரில் வைத்துச் சரிவில் ஏற்ற எந்த பிக்கப் நல்லது என்று கேட்டதற்கு, உச்ச டார்க்கை (எஞ்சினின் திருகுவிசை) மட்டும் ஒப்பிட்டு எழுதியிருந்தேன். அது போதாது, திருத்துகிறேன்.

அந்த டார்க் எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது) வருகிறது என்பதுதான் முக்கியம். இசுசு வி-க்ராஸ் 1.9 டீசலின் 360 நியூட்டன் மீட்டர் 2000 முதல் 2500 வரைதான். டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 மேனுவலில் 420, அது 1400-லேயே வந்து 3400 வரை நிற்கும். சரிவில் வண்டி அசையும்போது எஞ்சின் 1500-ஐ ஒட்டித்தான் இருக்கும். வி-க்ராஸில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) அழுத்தம் ஏறாத அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, கிளட்சைப் பாதியில் பிடித்தே ஓட்டுவார்கள். கிளட்ச் தட்டு கருகுவது அங்கேதான்.

4×4 வி-க்ராஸ் ஏற்கெனவே இருந்தால் மாற்ற வேண்டாம். 4எல் (நான்கு சக்கரமும் குறைந்த வேகத்தில், கூடுதல் இழுவிசையோடு சுழலும் நிலை) போட்டு, முதல் கியரில் கிளட்சை முழுக்க விட்டு மெதுவாக இழுங்கள். காய்ந்த சிமென்ட் தளம் வந்ததும் 2எச்-க்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண நிலை) மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் திருப்பும்போது டிரைவ்லைன் (எஞ்சின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகங்கள்) முறுகும்.

பிறகும் திணறினால் ட்ரெய்லர் வீல் பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள். உப்புத்தண்ணீர் புகுந்து கிரீஸ் வெளுத்திருந்தால் எந்த எஞ்சினும் கஷ்டப்படும்.