தேவனாம்பட்டினத்துப் படகும் என் முதல் சரியான கோடும்

எனக்கு வயது 43. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. படம் வரையத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்று ஒரே ஒரு காலைப்பொழுதை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிறுதோறும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விடுவேன். அன்று மணலில் ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு ஃபைபர் படகை அரை மணி நேரமாக வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து பார்த்தார். "கோடெல்லாம் சுத்தமாக இருக்கிறதம்மா. ஆனால் அணியம் உன்னைப் பார்த்து நிற்கிறது. நீ பக்கவாட்டில் நிற்கிற படகைப் போட்டிருக்கிறாயே" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். அணியம் என்றால் படகின் முன்முனை. அது என் பக்கம்தான் திரும்பியிருந்தது. தாளில் இருந்ததோ நீளமாய், இரண்டு முனையும் மேலே வளைந்த படகு. சின்ன வகுப்பில் மலை, சூரியன், தென்னை மரத்தோடு சேர்த்துப் போடுவோமே, அதே படகு. அந்த அரை மணி நேரத்தில் எதிரே இருந்ததை நாலைந்து முறைதான் பார்த்திருப்பேன். மற்ற நேரமெல்லாம் கண் தாளிலேயே இருந்திருக்கிறது.

புதுத் தாள் எடுத்தேன். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலை நிறுத்திப் பிடித்தேன். பென்சில் நுனி படகின் விளிம்பில், கட்டைவிரல் படகின் அடியில்: அது உயரம். அதே அளவைப் படுக்கவைத்து அகலத்தை எண்ணினேன். அவ்வளவு நீளப் படகு, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து உயரத்தைப்போல ஒன்றரை மடங்குதான் வந்தது! மனம் ஒப்பவில்லை. மூன்று முறை அளந்தேன். நம்மை நோக்கித் திரும்பிய பொருளின் நீளம் சுருங்கித் தெரியும் என்று முன்பே படித்திருந்தேன், நம்பியது அன்றைக்குத்தான்.

விளிம்பின் வளைவு மட்டும் பிடிபடவே இல்லை. படகை விட்டுவிட்டு, அதற்கும் பக்கத்துப் படகுக்கும் நடுவே தெரிந்த மணல் துண்டை வரைந்தேன். அந்த இடைவெளிக்குப் பெயர் கிடையாது, அதனால் மனதில் அதற்கென்று பழைய உருவமும் கிடையாது. கண்டதைக் கை போட்டது. இரண்டு பக்கத்து இடைவெளியும் முடிந்தபோது நடுவில் படகு நின்றது. பெரியவர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, "இதைத் தள்ளினால் கடலுக்குப் போகும்" என்றார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

*

அக்கா, நான் புதுச்சேரி. உங்களுக்கு அணியம் என்றால் எனக்குக் கடல்கோடு. காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடற்கரைச் சாலையில் நிற்பவர்களை வரைந்தேன். கடலும் வானமும் சேரும் கோட்டை எல்லோருடைய தலைக்கும் மேலே போட்டிருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஓவிய ஆசிரியர் ஒருவர், "அந்தக் கோடு அவர்கள் உடம்பில் எங்கே வெட்டுகிறது, பாருங்கள்" என்றார். இடுப்பில்! அருகில் நிற்பவருக்கும் இடுப்பு, தூரத்தில் நிற்பவருக்கும் இடுப்பு. எழுந்து நிற்கச் சொன்னார். கோடும் என்னோடு எழுந்து அவர்கள் கண்ணுக்கு வந்துவிட்டது. கடல்கோடு எப்போதும் பார்க்கிறவரின் கண்மட்டத்தில்தான் இருக்குமாம். இப்போது எந்தப் படத்திலும் முதலில் அந்தக் கோட்டைத்தான் போடுகிறேன். எந்தப் பென்சில் பயன்படுத்துகிறீர்கள்?

*

ஹெச்பி, 2பி, 4பி மூன்றும் போதும், தம்பி. ஹெச்பியைவிட 2பி மிருது, அதைவிட 4பி மிருது. களிமண் குறைந்து கிராஃபைட் கூடக் கூடப் பென்சில் மிருதுவாகும், கோடு கருக்கும். அளவுக் கோடுகளை ஹெச்பியால் அழுத்தாமல் போடுங்கள். அழுத்தினால் தாளில் பள்ளம் விழுந்துவிடும். ரப்பரால் அழித்தாலும் தடம் போகாது. 4பியை நிழலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படகின் அடியில் மணலைத் தொடும் இடம்தான் மிகவும் இருட்டு, அங்கே தாராளமாக அழுத்தலாம்.