41 முறை சேமிக்கப்பட்ட பக்கம்

இணையத் தளத்திலோ குழுவிலோ நிர்வாகப் பொறுப்பு கிடைத்த முதல் நாள் எப்படி இருந்தது என்று இங்கே கேட்டிருந்தீர்கள். முதல் நாளில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. பதினோராவது நாளைப் பற்றிச் சொல்கிறேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த நாள் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

நான் பணியாற்றியது தமிழ் விக்கிப்பீடியாவில். 2003 செப்டம்பரில் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியம் 2017இல் 1,00,000 கட்டுரைகளைத் தொட்டது. அந்த ஆண்டுதான் நான் எழுத வந்தேன். பறவைகள், ஆறுகள் பற்றிச் சில கட்டுரைகள் எழுதினேன்; அதைவிட அதிகமாகப் பிறர் கட்டுரைகளில் ஒற்றுப்பிழை திருத்தினேன், பகுப்புகளைச் சேர்த்தேன், வேண்டுமென்றே பக்கங்களைக் கெடுக்கும் விசமத் தொகுப்புகளைத் துடைத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து மூத்த பயனர் ஒருவர் என் பேச்சுப் பக்கத்தில், அதாவது பிறர் எனக்குச் செய்தி எழுதும் பக்கத்தில், "நிர்வாகி அணுக்கத்துக்கு உங்களைப் பரிந்துரைக்கலாமா?" என்று கேட்டார். வாக்கெடுப்பு நடந்தது. பலர் ஆதரவு தெரிவித்தார்கள். ஒருவர் மட்டும் 'நடுநிலை' என்று எழுதி, "துப்புரவுப் பணியை நன்றாகச் செய்கிறார். புதியவர்களிடம் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும்" என்று சேர்த்திருந்தார். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அவர் என்னை எவ்வளவு சரியாகக் கணித்திருக்கிறார் என்பது பதினோராவது நாளில்தான் தெரிந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நிர்வாகி என்றால் ஆசிரியர் குழுத் தலைவர் போல என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பக்கத்தை நீக்கலாம், நீக்கியதை மீட்கலாம், பிறர் தொகுக்க முடியாதபடி பூட்டலாம், ஒரு பயனரைத் தடைசெய்யலாம். கட்டுரையில் எது இருக்க வேண்டும் என்ற விவாதத்தில் நிர்வாகியின் பேச்சுக்கும் நேற்று வந்தவரின் பேச்சுக்கும் ஒரே எடைதான். சம்பளம் கிடையாது. அலுவலகம் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தேன். பள்ளி மாணவர் யாரோ தன் நண்பன் பெயரைச் சோழ மன்னர் பட்டியலில் சேர்த்திருந்தார். நீக்கினேன். செய்தித்தாள் கட்டுரை ஒன்றை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார் இன்னொருவர். பதிப்புரிமை மீறல், நீக்கினேன். அடுத்து 'எங்கள் ஊர்க் கண்மாய்' என்று ஒரு பக்கம். முதல் வரி: "எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மூன்று மடைகள் உண்டு." மேற்கோள் இல்லை, பகுப்பு இல்லை, தலைப்பு கட்டுரைத் தலைப்பாகவே இல்லை. 'கலைக்களஞ்சியத்துக்கு உரியதல்ல' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மறுநாள் என் பேச்சுப் பக்கத்தில் ஒரு செய்தி இருந்தது.

"ஐயா, வணக்கம். நான்கு நாளாக எழுதிய பக்கத்தைக் காணவில்லை. நான் ஏதும் தவறாக அழுத்திவிட்டேனா? எங்கே போய்த் தேட வேண்டும் என்று சொன்னால் நலம்."

கோபமாக எழுதியிருந்தால் விதியை எடுத்துக் காட்டிப் பதில் சொல்லியிருப்பேன். தவறு தன்னுடையது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

நீக்கிய பக்கத்தின் வரலாறு நிர்வாகிகளுக்குத் தெரியும். நேற்றே பார்த்திருக்க வேண்டியதை அப்போதுதான் திறந்து பார்த்தேன். 41 சேமிப்புகள். முதல் சேமிப்பில் ஒரே ஒரு வரி. அடுத்ததில் இரண்டு சொற்கள் கூடுதல். 'களுங்கு' என்று எழுதிச் சேமித்து, 'கலுங்கு' என்று திருத்திச் சேமித்திருந்தார்; கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் இடம் அது. பெரும்பாலானவை அதிகாலை ஐந்து மணிக்குள் செய்தவை. மூன்றாம் நாள் ஒரு சேமிப்பில் பக்கம் முழுவதும் காலியாகியிருந்தது. கை பட்டு அழிந்திருக்க வேண்டும். பழைய பதிப்பை ஒரு சொடுக்கில் மீட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் மொத்தத்தையும் முதலிலிருந்து திரும்பத் தட்டச்சு செய்திருந்தார்.

அதன் பிறகுதான் அந்தப் பக்கத்தை உண்மையில் படித்தேன். மேல மடை எந்த வயல்களுக்கு, கீழ மடை எந்த வயல்களுக்கு. தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்து விடுவது எப்படி. மடை திறக்கும் நீர்பாய்ச்சிக்குக் களத்துமேட்டில் அளக்கும் நெல் எவ்வளவு. ஊரார் கூடிக் கண்மாயைச் சீர்செய்யும் குடிமராமத்து நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் வராவிட்டால் என்ன வழக்கம். கலுங்கு பாய்ந்தால் தண்ணீர் அடுத்து எந்த ஊர்க் கண்மாயைப் போய்ச் சேரும். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊர் கூடி மீன் பிடிக்கும் நாளில் முதலில் இறங்கும் உரிமை யாருக்கு. கலைக்களஞ்சிய நடை இல்லை, உண்மைதான். ஆனால் அதில் ஒரு வரிகூட வீண் இல்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பக்கத்தை மீட்டு அவருடைய மணல்தொட்டிக்கு, அதாவது எழுதிப் பழகும் தனிப் பக்கத்துக்கு, நகர்த்தினேன். அவராகவே தொலைபேசி எண்ணை மின்னஞ்சலில் அனுப்பினார், பேசினோம். சிவகங்கைப் பக்கம் ஒரு சிற்றூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் ஒற்றை விரலால் எழுதுகிறார். மெய்யறிதன்மை (பிறர் சரிபார்க்க முடிவது), மேற்கோள், சொந்த ஆய்வு என்று நான் ஒவ்வொன்றாக விளக்க, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் அப்பாவே நாற்பது வருஷம் நீர்பாய்ச்சியாக இருந்தவர் தம்பி. அவர் சொன்னது ஆதாரம் ஆகாதா?" என்றார்.

ஆகாது என்றுதான் சொன்னேன். அச்சில் வந்த, பிறர் சரிபார்க்கக்கூடிய ஆதாரம் வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தத்தம் தாத்தா சொன்னதை எழுதுவார்கள், கலைக்களஞ்சியம் நிற்காது. அந்த விதியை இன்றும் நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அவர் கேட்டதில் இருந்த நியாயமும் என்னை விடவில்லை. நம் ஊர்களின் நீர் வரலாற்றில் அச்சேறியது எவ்வளவு, அச்சேறாமல் முதியவர்களோடு போய்க்கொண்டிருப்பது எவ்வளவு! விதி சரியாக இருந்தும் இழப்பு இழப்புதான்.

அந்தப் பக்கம் கட்டுரையாக வரவே இல்லை. ஆனால் மடை, கலுங்கு, மறுகால், நீர்பாய்ச்சி போன்ற சொற்களுக்கு விக்கியின் அகராதியான விக்சனரியில் விளக்கம் சேர்த்தார். கண்மாய்த் தண்ணீரை வெளியேற்றும் குமிழித்தூம்பின் கல்லை ஆறு கோணங்களில் படமெடுத்து, விக்கியின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் பதிவேற்றினார். மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்ப் பாசனம் பற்றிய நூல்களைப் பார்த்து, பக்க எண்ணோடு குறிப்பெடுத்து வந்து, பொதுவான நீர்ப்பாசனக் கட்டுரைகளை விரிவாக்கினார். ஊர்க் கண்மாயைப் பற்றிய எழுத்தைத் தனி நூலாக அச்சிடும்படி கெஞ்சிக்கொண்டே இருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு பக்கத்தின் வரலாற்றைப் பார்க்காமல் நீக்கியதில்லை. அப்பட்டமான வசை, பதிப்புரிமை மீறல் தவிர வேறெதையும் முதல் நாளே நீக்குவதும் இல்லை. பக்கத்தின் மேல் நீக்கல் வார்ப்புரு (ஆயத்த அறிவிப்பு) இட்டு, எழுதியவரிடம் பேசிவிட்டு, காத்திருக்கிறேன். பணி மெதுவாகிறது என்று சக நிர்வாகிகள் சிலர் சொன்னார்கள். மெதுவாகட்டும்.

சாதி பற்றியும் சொல்லியாக வேண்டும், இந்தப் பணிக்கு வர நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மன்னர்கள், விடுதலைப் போராட்ட வீரர்கள் பற்றிய கட்டுரைகளில் சாதிப் பெயரைச் செருகுவதும் மாற்றுவதும் நாள்தோறும் நடப்பது. ஒரு நாள் இரவு ஒரே வரி பதினேழு முறை முன்னும் பின்னும் மாறியது. பக்கத்தைப் பூட்டினேன். பூட்டிய பதிப்பு எந்தத் தரப்புக்குப் பிடிக்கவில்லையோ அந்தத் தரப்பிலிருந்து மின்னஞ்சல்: என் சாதி என்ன என்று கண்டுபிடித்துவிட்டார்களாம், ஊரையும் கண்டுபிடிப்பார்களாம். பதில் எழுதவில்லை. மின்னஞ்சலைப் பத்திரப்படுத்தி, மற்ற நிர்வாகிகளிடம் தெரிவித்து, அந்தக் கட்டுரையைக் கவனிக்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். இதில் வீரம் காட்ட வேண்டியதில்லை. பொறுப்புக்கு வருமுன் உங்கள் பயனர் பெயரில், பயனர் பக்கத்தில் உங்களைப் பற்றி என்னென்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்திருக்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து ஒரு பதில்

தலைமையாசிரியர் ஐயாவின் கதையைப் படித்துவிட்டு நெடுநேரம் எழும்ப முடியவில்லை. நானும் சில காலம் அங்கே நிர்வாகியாக இருந்தவள். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வந்தவள். எனக்கு வந்த சோதனை வேறு.

கனடாவின் மாகாணம் ஒன்றின் பெயரை நாங்கள் 'ஒன்ராறியோ' என்று எழுதுவோம், தமிழ்நாட்டில் 'ஒன்டாரியோ'. எனக்கு என் எழுத்து பள்ளிக்கூடத்தில் பழகியது, இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளில் நாளும் வாசிப்பது. ஒரு கனடியச் சிற்றூரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் தமிழ்நாட்டுப் பயனர் ஒருவர் அதை மாற்றினார். நான் திருப்பினேன். அவர் மறுபடி மாற்றினார். மூன்றாம் முறை, பக்கத்தைப் பூட்டும் பொத்தான் வரை என் கை போனது. பூட்டியிருந்தால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த எண்ணம் வந்ததும் எனக்கே பயமாகிவிட்டது. கணினியை அணைத்துவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் பேச்சுப் பக்கத்தில், "நான் இதில் ஒரு தரப்பு. ஆகவே இந்தப் பக்கத்தில் நிர்வாகியாக எதுவும் செய்யமாட்டேன்" என்று எழுதிவிட்டுத்தான் வாதத்தைத் தொடங்கினேன். விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் பலரும் பேசினார்கள். முதலில் எழுதியவரின் வழக்கு கட்டுரைக்குள் இருக்கட்டும், முதல் இடத்தில் மற்ற வடிவத்தையும் குறிப்பிடுவோம், தேடுபவர் எந்த எழுத்துமுறையில் தேடினாலும் அதே பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் வழிமாற்று இருக்கட்டும் என்று முடிந்தது. அந்தத் தமிழ்நாட்டுத் தம்பி பிறகு என் கட்டுரைகள் பலவற்றைத் திருத்தித் தந்தார். 'ஒன்ராறியோ'வைத் தொடவே இல்லை.

தாம்பரத்திலிருந்து ஒரு பதில்

நான் பார்த்துக்கொண்டது கலைக்களஞ்சியம் இல்லை, தெருவுக்கான ஒரு வாட்ஸ்அப் குழு. 2015 டிசம்பர் வெள்ளம். முடிச்சூர்ப் பக்கம் வீடுகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு குழுவில் 100 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. ஒருவர் அனுப்பிய செய்தியை நிர்வாகியால் அழிக்கவும் முடியாது. என் கையில் இருந்தது ஆளை வெளியேற்றும் வசதி மட்டும்தான். வெள்ளத்தில் சிக்கியவரை எப்படி வெளியேற்றுவது?

முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு வதந்தி வந்தது. கைக்குழந்தையோடு மாடியில் இருந்த ஒரு பெண், படகு வந்தும் இறங்க மாட்டேன் என்று அழுதார். அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு செய்திக்கும் கீழே ஒரே கேள்வியைக் கேட்டேன்: "நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?" இல்லை என்றால், "அப்படியானால் தவறு என்று எழுதிவிடுங்கள்" என்பேன். முதலில் சிலருக்குக் கோபம். இரண்டாம் நாள் மாலைக்குள், "நான் பார்த்தேன், பால் பாக்கெட் வந்திருக்கிறது" என்று அவர்களாகவே எழுதத் தொடங்கினார்கள். கைப்பேசிக்கு மின்னேற்ற வழியில்லாததால் காரைக் கிளப்பி அதில் ஏற்றினோம். மூன்று நாள் நான் தூங்கியது மொத்தம் ஆறு மணி நேரம் இருக்கும்.

மீண்டும் முதல் பதிவர்

தாம்பரம் அம்மா, உங்கள் ஒற்றைக் கேள்வியைக் குறித்துவைத்துக்கொண்டேன். ரொறன்ரோ சகோதரி, எழுந்து போனீர்களே, அதை என்னால் அன்று செய்ய முடியவில்லை.

இன்னொரு நண்பர் தனிச்செய்தியில், "புதியவரின் பக்கத்தை நீக்கத்தான் வேண்டும் என்றால் அவருக்கு என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே தருகிறேன். ஆயத்த வார்ப்புருவைப் போடுவதில்லை. ஒவ்வொரு முறையும் கையால் எழுதுகிறேன். பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"வணக்கம். நீங்கள் எழுதிய பக்கத்தை முழுவதும் படித்தேன். மூன்றாம் பத்தியில் நீங்கள் தந்திருக்கும் தகவல் வேறெங்கும் இல்லை. அதனாலேயே அதற்கு ஓர் அச்சு ஆதாரம் தேவைப்படுகிறது. பக்கம் தொலைந்துபோகவில்லை, உங்கள் மணல்தொட்டியில் பத்திரமாக இருக்கிறது, இணைப்பு கீழே. நீங்கள் எதையும் தவறாக அழுத்தவில்லை. ஆதாரம் தேடுவதில் நானும் உதவுகிறேன். எப்போது வேண்டுமானாலும் என் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள்."